நகரத்தில் நிற்கும் யானை, எங்கள் தோட்டத்தில் நடக்கும் யானை: வனவிலங்குகளுக்காக நிதி திரட்டும் கலைக் காட்சிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் வட்டத்தில், கேரள எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய ஓர் ஊரில், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். கூடலூர் மலைச்சரிவில் செய்யப்பட்ட யானைகள் அமெரிக்கக் கடற்கரை மணலில் வரிசையாக நிற்கும் படம் ஒன்று 2024 கடைசியில் எங்கள் ஊர்க் கைப்பேசிகளில் எல்லாம் சுற்றியது. அன்றிலிருந்து ரேஷன் கடை வரிசையிலும் பஸ்ஸிலும் கொழுந்து எடை போடும் இடத்திலும் என்னை நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். சிலர் ஆசையோடு கேட்கிறார்கள். சிலர் கோபத்தோடு கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் நின்ற இடத்தில் சரியாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. ஆகவே எழுதிவைக்கிறேன்.

இது என்ன மாதிரியான கண்காட்சி, டீச்சர்?

ஒரே விலங்கின் உருவத்தைப் பல பிரதிகளாகச் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு கலைஞரிடம் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லி, நகரத்தின் தெருக்களிலும் பூங்காக்களிலும் சில வாரங்கள் நிறுத்திவைப்பார்கள். பார்க்கக் கட்டணம் இல்லை. காட்சி முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஏலத்தொகை ஒரு நல்ல காரியத்துக்குப் போகும்.

இந்த முறை பசுவில்தான் பெயர் பெற்றது. 1998இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரம் தன் தெருக்களில் வண்ணப் பசுக்களை நிறுத்தியது. அடுத்த ஆண்டு சிகாகோவில் 300க்கும் மேற்பட்ட பசுக்கள் நின்றன. வனவிலங்குப் பாதுகாப்புக்கு இதே வழியைத் திருப்பியதில் ஒரு குட்டியானைக்குப் பங்கு உண்டு. தாய்லாந்து எல்லைப் பகுதியில் 2006இல் கண்ணிவெடியை மிதித்து ஒரு முன்னங்காலை இழந்த ஏழு மாதக் குட்டி அது. மோஷா என்று பெயர். லாம்பாங்கில் உள்ள யானை மருத்துவமனையில் அதற்குச் செயற்கைக்கால் பொருத்தினார்கள். அதைப் பார்த்து மனம் நெகிழ்ந்த ஒரு டச்சுத் தந்தையும் மகனும் 2007இல் ராட்டர்டாம் நகரில் வண்ண யானைகளின் அணிவகுப்பைத் தொடங்கினார்கள். 2010இல் லண்டனில் நடந்த அணிவகுப்பில் 250க்கும் மேற்பட்ட குட்டியானைச் சிலைகள் நின்றன. அதில் திரண்டது 40 லட்சம் பவுண்டுக்கும் மேல். ஆசிய யானைகளுக்காக 2002இல் மார்க் ஷாண்ட் தொடங்கிய எலிஃபன்ட் ஃபேமிலி என்ற அமைப்புக்காகத் திரட்டிய பணம் அது. அந்த மனிதர் 2014இல் நியூயார்க்கில் இதே போன்றதொரு நிதி திரட்டும் நிகழ்ச்சி முடிந்த இரவில் கீழே விழுந்து இறந்துபோனார்.

இந்தியாவில் நடந்திருக்கிறதா?

2017-18இல் நடந்தது. ராஜஸ்தானில் தொடங்கி டெல்லி வழியாக மும்பை வரை 101 யானைச் சிலைகள் போயின. 101 என்பது அலங்கார எண் அல்ல. இந்தியாவில் யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் வழித்தடங்களாக வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா என்ற காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பு பட்டியலிட்டவை 101. வழித்தடத்துக்கு ஒரு சிலை.

நம் கூடலூர் யானை நியூயார்க்குக்குப் போனது உண்மையா?

உண்மை. ஒன்று இரண்டல்ல, நூறு யானைகள் போயின. கூடலூர்ப் பகுதியில் இயங்கும் ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ் என்ற குழுவில், பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த சுமார் 200 கைவினைஞர்கள் அவற்றை உண்ணிச்செடியின் குச்சியால் செய்தார்கள். ஐந்து ஆண்டு வேலை. முதலில் 2021இல் லண்டனின் கிரீன் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் போன்ற பூங்காக்களில் நூற்றுக்கும் மேற்பட்ட உண்ணி யானைகள் நின்றன. 2024 கோடையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் இன்னொரு பயணம் தொடங்கியது. செப்டம்பரில் நியூயார்க்கின் கல் பாவிய தெருக்கள், டிசம்பரில் மயாமி கடற்கரை, பிறகு ஹூஸ்டன் என்று நாட்டைக் குறுக்காகக் கடந்து 2025இல் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தது.

இவை வண்ணம் பூசிய யானைகள் அல்ல. குச்சியின் பழுப்புதான் நிறம். ஒவ்வொன்றும் எங்கள் பக்கத்தில் நடமாடும் ஏதோ ஓர் உண்மையான யானையின் சாயலில் செய்யப்பட்டது. எனக்கு இதில் நெஞ்சு நிறைகிறது. யானைச் சிலை செய்யச் சொன்னால் நகரத்துக் கலைஞர் புகைப்படத்தைப் பார்த்துச் செய்வார். இங்கே செய்தவர்கள் அந்த யானையைப் பார்த்திருக்கிறார்கள். அது தலையை எந்தப் பக்கம் சாய்த்து நிற்கும், குட்டியை எந்தக் காலுக்கு இடையில் ஒதுக்கிக்கொள்ளும், கோபம் வந்தால் காதை எப்படி விரிக்கும் என்று தெரிந்தவர்கள். நான் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு யானை வரையக் கற்றுக்கொடுத்தேன். என் வகுப்பில் யானையைச் சரியாக வரைந்தவர்கள் பெரும்பாலும் காட்டோரப் பாடிகளிலிருந்து (சிறு குடியிருப்புகளிலிருந்து) வந்த பிள்ளைகள்தான். முதுகு வளைவை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

உண்ணி என்றால் நம் வேலியில் இருக்கும் அந்த முள்ளா?

அதேதான். நாம் உண்ணிச்செடி என்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் கொங்கிணி, அரிப்பூ என்கிறார்கள். வெளியுலகத்தில் லாண்டானா. சிறுவயதில் அதன் கருத்த பழத்தை நாம் எல்லோரும் தின்றிருக்கிறோம். ஆனால் இந்த மண்ணின் செடி அல்ல அது. தென்னமெரிக்கா, நடு அமெரிக்கா பக்கத்திலிருந்து, வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவுக்காகத் தோட்டங்களில் வைத்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் போட்டன. இன்று இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பரப்பில் இது பரவியிருக்கிறது.

அது புதராக மூடிய இடத்தில் புல் வளராது. புல் இல்லாவிட்டால் மானும் காட்டெருமையும் யானையும் மேயப் போவது எங்கே? இலையில் நஞ்சு உண்டு, மாடு தின்றால் ஈரல் கெடும். கோடையில் காய்ந்த புதர் தீயைத் தரையிலிருந்து மரக்கிளைக்கு ஏற்றிவிடும். புதர் அடர்ந்த பாதையில் பத்தடி தூரத்தில் யானை நிற்பதுகூடத் தெரியாது. இந்த கடைசிக் காரணத்தை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

யானை செய்வதற்காக வெட்டியதால் காடு சுத்தமாகிவிட்டதா?

இல்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேலே வெட்டினால் உண்ணி மறுபடி தழைக்கும். வேரடியோடு பெயர்த்து எடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப முளைகளைப் பிடுங்கி, அந்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை வரவைத்தால்தான் பயன். நூறு யானைக்கு வேண்டிய குச்சி, காட்டில் இருப்பதோடு ஒப்பிட்டால் கைப்பிடி அளவு. ஆனால் யாருக்கும் வேண்டாத ஒரு களைக்கு விலை வந்தது. அதை வெட்டும் கைகளுக்குக் கூலி வந்தது. பிளாஸ்டிக் கூட்டிச் செய்யும் சிலையில் இந்த இரண்டும் கிடையாது.

குச்சியை எப்படி யானையாக வளைக்கிறார்கள்?

முதலில் இரும்புக் கம்பியில் முழு அளவுக்கு எலும்புக்கூடு கட்டுகிறார்கள். உண்ணிக் குச்சியைத் தண்ணீரில் வேகவைத்தால் தோல் கழன்று வரும், குச்சியும் இளகும். அந்தச் சூட்டோடு கம்பியின்மேல் வளைத்துப் பதிக்க வேண்டும். ஆறிவிட்டால் முறியும். பிறகு நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்து, தசை எங்கே புடைக்கும், தோல் எங்கே மடியும் என்று பார்த்துக் குச்சியின் போக்கை மாற்றுகிறார்கள். கடைசியில் மழைக்குத் தாங்கும்படி மேல்பூச்சு. துதிக்கைக்கு மெல்லிய குச்சி, வயிற்றுக்குப் பருத்த குச்சி. அருகில் நின்று பார்த்தால் வெறும் விறகுக் கட்டு. இருபதடி தள்ளி நின்றால் ஆனை.

பணம் எங்கிருந்து வருகிறது?

மூன்று வாசல்கள். ஒரு நிறுவனம் ஒரு சிலையின் செலவை ஏற்றுத் தன் பெயரை அடியில் போட்டுக்கொள்ளும். ஏலத்திலோ நேரடியாகவோ சிலை விற்கும். கையளவு சிறு பொம்மைகளும் அஞ்சலட்டைகளும் விற்கும். நம் நாட்டில் நான்காவதாக ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் காட்டுயிர்ப் பாதுகாப்பும் இருக்கிறது, கலையும் கைவினையும் இருக்கின்றன. மலையைச் சுற்றித் தேயிலைக் கம்பெனிகளும் சுற்றுலா விடுதிகளும் இருக்கும் ஊரில், இந்தக் கதவைத் தட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

அந்தப் பணம் உண்மையிலேயே யானைக்குப் போகிறதா?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

சிலை செய்யும் செலவு, லாரி வாடகை, கப்பல், காவல், காப்பீடு, விழா எல்லாம் போகத்தான் மிச்சம். சில காட்சிகளில் விற்ற தொகை முழுவதும் பாதுகாப்புக்குப் போகிறது. சிலவற்றில் செலவு போக நின்ற லாபத்தில் ஒரு பங்கு மட்டும் போகிறது. இரண்டும் தவறில்லை. ஆனால் எது என்று முன்கூட்டியே சொல்லாமலிருப்பது தவறு. அடுத்து, போன பணம் எதற்குப் போனது? "விழிப்புணர்வு" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் நான் திருப்தியடைய மாட்டேன். எந்த ஊர், எந்தப் பாதை, எந்த ஆண்டு என்று சொல்லும் பதில்தான் பதில்.

அப்படிச் சொல்லக்கூடிய இடம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. வயநாட்டில் திருநெல்லி–குத்ரக்கோடு வழித்தடம். பிரம்மகிரிப் பக்கமும் வயநாட்டுக் காடும் அங்கேதான் கைகோக்கின்றன. நடுவில் சில சிறு குடியிருப்புகள் இருந்தன. பயிருக்கும் உயிருக்கும் ஓயாத சேதம். வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா அங்கிருந்த குடும்பங்களோடு ஆண்டுக்கணக்கில் பேசி, அவர்கள் சம்மதத்தோடு நிலத்தை வாங்கி, வேறு இடத்தில் வீடும் விளைநிலமும் கொடுத்து, விட்டுப்போன நிலத்தைக் கேரள வனத்துறையிடம் ஒப்படைத்தது. உதவிய வெளிநாட்டு அமைப்புகளில் எலிஃபன்ட் ஃபேமிலியும் ஒன்று. லண்டன் தெருவில் யாரோ ஒருவர் வண்ண யானைக்காகக் கையை உயர்த்தியதற்கும், திருநெல்லியில் ஒரு கூட்டம் இரவில் தடையின்றி நடப்பதற்கும் இடையே இப்படி ஒரு கோடு போட முடிகிறது.

பெரிய பணம்தான் வேண்டும் என்பதில்லை. வால்பாறையைப் பாருங்கள். அதுவும் கேரள எல்லை மலை, அதுவும் தேயிலை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வமைப்பு அங்கே உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளை வைத்தது. யானை அருகில் நிற்கும்போது கைப்பேசி அழைப்பு ஒன்றால் விளக்கு எரியும். லயம் என்னும் தோட்டக் குடியிருப்புக்குத் திரும்பும் தொழிலாளி தூரத்திலேயே சிவப்பைப் பார்த்து நின்றுவிடலாம். கூடவே, யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று குறுஞ்செய்தி வரும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும். இருட்டில் தெரியாமல் எதிரே போய் நின்றுவிடுவதால்தான் மரணங்கள் நடக்கின்றன என்று கண்டறிந்து, அந்த ஒரு கணத்தைக் குறிவைத்துச் செய்த ஏற்பாடு. இதை முன்னின்று செய்த ஆனந்தகுமாருக்கு 2015இல், காட்டுயிர்ப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது. ஒரு விளக்கு, ஒரு சிம் கார்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு பொறுப்பான ஆள். ஒரு பள்ளிக்கூடம் யானை செய்து திரட்டும் பணம் இதற்குப் போதும்.

நீங்கள் பள்ளியில் செய்த யானை என்ன ஆனது?

கேட்கிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் இருந்த காலத்தில் பிள்ளைகளும் நானும் மூங்கில் பிளாச்சிலும் காகிதக்கூழிலும் ஒரு குட்டியானை செய்து பஸ் நிறுத்தம் அருகே வைத்தோம். பக்கத்தில் ஓர் உண்டியல். பத்து நாளில் நாலாயிரத்துச் சொச்சம் சேர்ந்தது. பெரும்பாலும் பத்து ரூபாய் நோட்டுகளும் சில்லறையும். அந்தப் பணத்தை என்ன செய்வதென்று நாங்கள் முதலிலேயே முடிவுசெய்திருக்கவில்லை. பீரோவில் வைத்தேன். அடுத்த ஆண்டு ஓவியப் போட்டிக்குப் பரிசு வாங்கச் செலவானது.

சில மாதங்கள் கழித்து, வாழைத்தோட்டம் முழுவதையும் ஒரே இரவில் இழந்த ஒருவர் என்னிடம் வந்தார். "டீச்சர், யானைக்கென்று வாங்கினீர்களே, அது எங்கே?" என்று கேட்டார். அவரும் அந்த உண்டியலில் போட்டிருந்தார். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை, கேட்டுவிட்டு நின்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அன்றிலிருந்து யார் காட்சி வைக்க வந்தாலும், பணம் போகும் இடத்தைச் சிலைக்கு முன்னால் எழுதி வையுங்கள் என்கிறேன். யானை செய்யத் தொடங்கும் முன்னால் அந்தப் பலகையைச் செய்யுங்கள்.

யானை என் வீட்டுச் சுவரை இடித்தது. அதற்கு நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

கொடுக்க வேண்டாம். இதை மனதாரச் சொல்கிறேன். கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் சுமார் 150 யானைகளும் இரண்டரை லட்சம் மனிதர்களும் ஒரே நிலத்தில் வாழ்கிறோம். கொழுந்து பறிக்கப் போகும் பெண் விடியற்காலையில் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பதே ஒரு பங்களிப்புதான். பலா பழுக்கும் மாதங்களில் இரவு கழிப்பறைக்குப் போகக் கதவைத் திறக்க அஞ்சுவதும் ஒரு பங்களிப்புதான். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து யானையை நேசிப்பவர்கள், அதற்கான விலையை இங்கே நாள்தோறும் கட்டுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கலைக் காட்சிகளை நான் ஆதரிப்பதற்கு முதற்காரணம் அதுதான். பணம் நகரத்திலிருந்து காட்டோரத்துக்கு வரும் வழி இது. எதிர்த்திசையில் போகக் கூடாது.

இன்னொரு கசப்பும் இருக்கிறது. "வழித்தடம்" என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊரில் பலருக்கு வயிறு கலங்கும். பரம்பரை நிலவுடைமை முறையை நீக்கிய 1969ஆம் ஆண்டின் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்து இத்தனை காலமாகியும் பட்டா இல்லாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இலங்கையிலிருந்து திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்தில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு வீட்டு நிலம் சொந்தமில்லை. யானைக்கு இடம் வேண்டும் என்றால், தங்களைத்தான் முதலில் கிளப்புவார்கள் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. யானையைக் காட்சிக்கு வைக்கிறவர்கள் இந்த மனிதர்களின் கதையையும் அதே பலகையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் காட்சி பாதி உண்மைதான்.

இங்கே தினமும் யானை வருகிறது. பிறகு எப்படி அழியும் விலங்கு?

நம் வாசலுக்கு வருவதால் அதிகமாக இருப்பதுபோல் தோன்றுகிறது. 2017 கணக்கெடுப்பு இந்தியா முழுவதற்கும் 29,964 என்றது. மரபணு முறையில் எடுத்து 2025இல் வெளியான மதிப்பீடு 22,446 என்கிறது. எண்ணிய முறை வேறு என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து "இவ்வளவு செத்தன" என்று சொல்லக் கூடாது. ஆசிய யானை உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். இந்தியாவுக்கு வெளியே உள்ள எல்லா நாடுகளையும் கூட்டினாலும் நம்மிடம் இருக்கும் எண்ணிக்கைக்கு வராது. நம்மிடம் இருப்பவற்றிலும் பெரும்பங்கு மேற்குத் தொடர்ச்சி மலையில்தான்.

அவை வாசலுக்கு வருவதற்குக் காரணமும் அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய தடத்தில் தோட்டம் வந்தது, சாலை வந்தது, ரயில் வந்தது. 2021 நவம்பரில் கோவை–பாலக்காடு ரயில் பாதையில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. பின்னர் 2024இல் மதுக்கரைப் பகுதியில் கோபுரங்கள் நட்டு, செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களால் யானை வருவதை ரயில் ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு வந்தது. அந்த மாதிரி வேலைக்குக் கோடிக்கணக்கில் வேண்டும். அது அரசின் கடமை, உண்டியல் பணத்தால் ஆகிற காரியமல்ல.

யானைக்கு மட்டும்தான் இப்படிச் செய்வார்களா?

காண்டாமிருகத்துக்கும் சிங்கத்துக்கும் செய்திருக்கிறார்கள். எல்லாம் பெரிய, கம்பீரமான விலங்குகள். என் ஆசை வேறு. எங்கள் மாவட்டத்திலேயே, சீகூர், மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், இருக்கின்றன. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடு முழுவதும் அந்த இனத்தையே கிட்டத்தட்டத் துடைத்துப்போட்டது. கால்நடைக்கு அந்த மருந்தை 2006இல் தடைசெய்தார்கள். தென்னிந்தியாவில் அவை கூடுகட்டி வாழும் மிகச் சில இடங்களில் எங்கள் பள்ளத்தாக்கும் ஒன்று. பிணந்தின்னி என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பறவைக்கு ஒரு கலைஞர் சிறகு விரித்து உருவம் கொடுத்து ஊட்டி பஸ் நிலையத்தில் நிறுத்தினால், எத்தனை பேர் நின்று "இது என்ன பறவை?" என்று கேட்பார்கள்! அழகான விலங்குக்குக் காசு தானாக வரும். கலைஞரின் தேவை அழகு தெரியாத விலங்குக்குத்தான் அதிகம்.

வரையாடும் இருக்கிறது. நம் மாநில விலங்கு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303.

யானைமேல் பூவும் கோலமும் வரையலாமா?

வரையலாம். ஆனால் ஒரு விளம்பரப் பலகைக்குக் கால் முளைத்ததுபோல் ஆகிவிடக் கூடாது. கோத்தகிரிப் பக்கத்துக் குறும்பர் ஓவிய மரபில் செம்மண்ணும் இலைச்சாறும் கொண்டு வரையும் கோடுகள் எவ்வளவு உயிரோடு இருக்கின்றன! அந்தக் கலைஞர்களைக் கூப்பிடுங்கள், உரிய கூலி கொடுங்கள், பெயரைச் சிலையில் எழுதுங்கள். "பழங்குடியினர் பாணியில்" என்று எழுதிவிட்டு வேறொருவர் வரைவது எனக்கு ஒப்பாது.

கண்ணாடியிழைச் சிலை நல்லதா?

எளிதில் வார்க்கலாம், மழையைத் தாங்கும். ஆனால் உடைந்தால் மக்காது, எரித்தால் நச்சுப்புகை. மலையில் வேண்டாம். மூங்கில், உண்ணிக் குச்சி, களிமண் என்று எவ்வளவோ இருக்கின்றன. வயநாட்டையும் முதுமலையையும் மூடிவரும் மஞ்சக்கொன்னை மரத்தையும் முயன்று பார்க்கலாம். அதுவும் வெளியிலிருந்து வந்து காட்டைப் பிடித்துக்கொண்டதுதான்.

எங்கள் ஊரில் வைக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பொது இடம் என்றால் ஊராட்சி அல்லது நகராட்சி. சாலையோரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை. கூட்டம் கூடும் என்றால் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம். உண்ணியைக் காட்டிலிருந்து வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும், களைதானே என்று நுழைந்துவிடாதீர்கள். சொந்தத் தோட்டத்து வேலியில் வெட்டினால் போதும், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

எங்கே வைக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். யானை கடக்கும் இடத்தில் வைக்காதீர்கள். இரவில் விளக்கு போடாதீர்கள். வளைவான மலைச்சாலையில் வைத்தால் வண்டிக்காரர் உண்மை யானை என்று பதறித் திருப்பிவிடுவார். சிலையின் அருகே கரும்போ பழமோ வைத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். வாசனை போதும், உண்மையானதே வந்துவிடும்.

ரசீது, வரி விஷயம்?

பதிவுபெற்ற அறக்கட்டளை மூலம் வாங்குங்கள். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகைச் சான்று உள்ள அமைப்பு என்றால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கலாம். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து தங்கள் சேமிப்பிலிருந்து அனுப்பினால் சிக்கல் இல்லை. வெளிநாட்டவரிடமோ வெளிநாட்டு அமைப்பிடமோ வாங்க வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு கட்டாயம். உண்டியலை இரண்டு பேர் முன்னிலையில் திறந்து, எண்ணி, அன்றே தொகையைப் பலகையில் எழுதுங்கள்.

கோயிலில் இயந்திர யானை வைத்திருக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு. திருச்சூர் மாவட்டக் கோயில் ஒன்றில் 2023இல் வந்தது, பிறகு கூடலூர் அருகே ஒரு கோயிலுக்கும் வந்தது. சங்கிலியில் ஒரு யானையைக் கட்டாமல் உற்சவம் நடத்துவதற்கான மாற்று அது. நிதி திரட்ட அல்ல. ஆனாலும் உயிருள்ள யானைக்குப் பதில் உருவம் நிற்பதை ஊர் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு அது சான்று.

கேரளத்துக்காரர்களோடு சேர்ந்து செய்யலாமா?

செய்யத்தான் வேண்டும். யானைக்கு எல்லைக்கல் தெரியாது என்பதை எங்களுக்கு அரிசி ராஜா காட்டிவிட்டது. வீட்டுக்குள் அரிசி தேடி வந்த மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, அது. 2022இல் பந்தலூர்ப் பகுதியில் ஒரு பெண்ணின் உயிர் போனது. டிசம்பரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அது சுல்தான் பத்தேரி நகரத் தெருவில் நின்றது. கேரள வனத்துறை பிடித்து முத்தங்கா முகாமுக்குக் கொண்டுபோனது. ஒரே யானை, இரண்டு மாநிலம், இரண்டு வனத்துறை. எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும் எல்லையில் நின்றுவிடக் கூடாது. நாடுகாணியில் நிற்கும் ஒருவருக்கு, வழிக்கடவுப் பக்கம் யானை இறங்கியது தெரிய வேண்டும். பலகையில் தமிழும் மலையாளமும் இருக்கட்டும். பணியர் மொழியிலும் இரண்டு வரி சொல்லி ஒலிக்கவிடலாம்.

காட்சி முடிந்த பிறகு சிலையை என்ன செய்வது?

விற்கலாம், பள்ளிக்குக் கொடுக்கலாம். விற்காமல் நின்றுபோனால் கவலை வேண்டாம். உண்ணிக் குச்சி சில மழைக்காலங்களில் தளரும். அப்போது பிரித்துவிட்டு, அதே இரும்புக் கம்பிமேல் புதுக் குச்சி பதிக்கலாம். எங்கள் பள்ளிக் குட்டியானையின் காகிதத்தோல் எப்போதோ கரைந்துவிட்டது. மூங்கில் கூடு மட்டும் சைக்கிள் கொட்டகையில் கிடந்தது. சென்ற கோடையில் இரண்டு பழைய மாணவிகள் வந்து அதை வெளியே இழுத்துத் துடைத்தார்கள். ஒருத்தி வேலியில் உண்ணி வெட்டப் போனாள். மற்றவள் ஒரு பலகையை எடுத்துவந்து, என்ன எழுதலாம் டீச்சர் என்று கேட்டாள். எங்கள் ஊர் மேட்டில் ஒரு சிவப்பு விளக்கு, அதற்கு இவ்வளவு ரூபாய், பொறுப்பாளர் இன்னார் என்று எழுதச் சொன்னேன். பெயரை இருவரும் தங்கள் பெயராகவே எழுதிக்கொண்டார்கள்.